பண்ணையிலேயே ஒரு சிறு கொல்லுப்பட்டறை: உலை, கருவிகள், முதல் வேலைகள்

களை வெட்டும் நாளில் களைக்கொத்தின் முனை மடங்கிப் போனால் அந்த ஆளின் அரை நாள் கூலி வீண். கடப்பாரை மொட்டையானால் வேலிக்குக் குழி எடுக்கும் வேலை இரண்டு நாள் தள்ளிப் போகும். முன்பு இதற்கெல்லாம் ஊருக்குள்ளேயே ஆள் இருந்தார். காலையில் பட்டறையில் கொடுத்தால் மாலையில் வாங்கிக்கொள்ளலாம். கூலியை அறுவடை முடிந்ததும் களத்தில் நெல்லாக அளந்து கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு பெரும்பாலான ஊர்களில் முடிந்துவிட்டது. இப்போது ஒரு முனை அடிக்க வாரச்சந்தைக்கோ பக்கத்து டவுனுக்கோ போக வேண்டியிருக்கிறது. புதிதாகவே வாங்கிவிடலாம் என்றால், தகட்டை வெட்டி வர்ணம் பூசி விற்கும் மலிவான கருவிகள் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை.

ஓய்வு நேரத்தில் பண்ணையிலேயே ஒரு சிறு உலை வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். இடமும் கொஞ்சம், செலவும் கொஞ்சம்தான். ஆனால் தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இரும்பை நீட்டுவதும் வளைப்பதும் சில வாரப் பழக்கத்தில் கை வந்துவிடும். கருவி உழைக்குமா உழைக்காதா என்பது வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது: எந்த இரும்பை எடுத்தீர்கள், அதற்கு எப்படித் துவைச்சல் கொடுத்தீர்கள். புதியவர்கள் பலர் பணத்தையெல்லாம் பட்டடையிலும் சுத்தியலிலும் போட்டுவிட்டு இந்த இரண்டையும் கோட்டை விடுகிறார்கள்.

இடம்

ஓலைக் கூரை, வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, டீசல் வைத்திருக்கும் அறை ஆகியவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி இடம் பாருங்கள். மேலே தகரக் கூரை போதும். மூன்று பக்கமாவது திறந்திருக்க வேண்டும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறையில் உலை வைப்பது ஆளைக் கொல்லும்.

அதே சமயம் வெயில் நேராக விழும் இடமும் உதவாது. இரும்பின் சூட்டை அதன் நிறத்தை வைத்துத்தான் அறிகிறோம். பளீரென்ற வெயிலில் செம்மஞ்சளாகக் காய்ந்த இரும்புகூட மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். நிழல் அவசியம். காலை, மாலை வேளைகள் இன்னும் நல்லது.

தரை மண்ணாகவே இருக்கட்டும். சூடான இரும்பு சிமென்ட் தரையில் விழுந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, சில்லுகள் தெறிக்கும். ஆடிக்காற்று வீசும் நாட்களில் உலையைப் பற்றவைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். கரிப்பொறி வெகுதூரம் பறக்கும்.

உலை

கொத்தனார்கள் பயன்படுத்தும் பழைய இரும்புச் சாந்துச் சட்டி ஒன்று போதும். புற்றுமண், ஆற்று மணல், கொஞ்சம் உமி மூன்றையும் பிசைந்து சட்டியின் உள்ளே இரண்டு மூன்று விரல்கடை தடிமனுக்கு அப்பி, நடுவே குழிவாக விடுங்கள். காற்று வர ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாயைப் பக்கவாட்டில் செருகுங்கள். ஜி.ஐ. குழாய் கூடாது, கறுப்புக் குழாய்தான் வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. மண் பூச்சை நிழலில் சில நாள் காயவிட்டு, பிறகு சுள்ளி போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். அவசரப்பட்டால் வெடிக்கும். சின்ன வெடிப்புகளை அதே மண்ணால் பூசிக்கொள்ளலாம். சிமென்ட் கலக்க வேண்டாம். ஆற்றங்கரையில் கிடைக்கும் கூழாங்கற்களை அடுக்கி உலை கட்டுவதும் வேண்டாம், அவை சூட்டில் வெடிக்கும்.

குழாய் வாய்க்கு மேலே நான்கைந்து அங்குல உயரத்துக்குக் கரி நிற்க வேண்டும். இரும்பை அந்தக் கரிக்குள், குழாய் வாய்க்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, படுக்கைவாக்கில் வையுங்கள். காற்று வாய்க்கு நேர் எதிரே வைத்தால் புதுக்காற்று நேரடியாக இரும்பில் பட்டு, செதில் செதிலாக உரிந்து இரும்பு வீணாகும்.

துருத்தி இப்போது அரிது. கைப்பிடியைச் சுற்றி ஊதும் விசிறி நல்ல தேர்வு. சுற்றுவதை நிறுத்தினால் காற்றும் நின்றுவிடும், கரி மிச்சமாகும். மின்சார பிளோயர் வாங்கினால் காற்றைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். முழு வேகத்தில் ஊதும் பிளோயரை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் வேறு பக்கம் திரும்பினால் மெல்லிய அரிவாள் எரிந்து போயிருக்கும்.

எரிபொருளுக்கு நம் பகுதியில் அலைய வேண்டியதில்லை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து நீக்கிவிட்டுப் போடுங்கள். தூள் அடைத்துக்கொண்டால் காற்று ஏறாது. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் கொட்டாங்கச்சிக் கரியையும் கலக்கலாம். நிலக்கரி அதிக நேரம் நிற்கும், சூடும் அதிகம். ஆனால் அதன் புகையும் கந்தகமும் தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தேவையில்லாத தொல்லை.

பட்டடை, சுத்தியல், குறடு

பட்டடை என்றதும் கொம்பு நீட்டிய பெரிய வார்ப்பைத் தேடி ஓட வேண்டாம். புதிய பட்டடை விலை அதிகம். மலிவாகக் கிடைப்பவற்றில் பல வெறும் வார்ப்பிரும்பு. ஓங்கி அடித்தால் மூலை பெயர்ந்துவிடும். அடிக்கும் இடத்துக்கு நேர் கீழே கனமான, கெட்டியான இரும்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். கனமான கிரஷர் தாடைத் துண்டு, பழைய புல்டோசர் பாகம், மொத்தமான ஷாஃப்ட் துண்டு எதுவும் ஆகும்.

ரயில் தண்டவாளத் துண்டும் அருமையான பட்டடை. பெரும்பாலானவர்கள் அதைப் படுக்கவைத்து அடிக்கிறார்கள். நடுவில் இருக்கும் மெல்லிய பகுதி அதிர்ந்து, அடியின் வலு போய்விடும். ஒன்றரை அடித் துண்டை நிமிர்த்தி நிற்கவைத்துக் கட்டையில் பதித்தால், அடிபடும் முகம் சிறிதாக இருந்தாலும் முழு எடையும் அதன் கீழே நிற்கும். நம் கருவி வேலைக்கு அந்த முகம் போதும். ஒரு எச்சரிக்கை: ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிரான 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடு வாங்குங்கள். ரசீது இல்லாத தண்டவாளம் இனாமாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

பட்டடையைப் புளியங்கட்டை அல்லது வேப்பங்கட்டையில் ஆணியடித்து இறுக்குங்கள். நீங்கள் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், விரல் கணுக்கள் தொடும் உயரம் சரியான உயரம். நம் கொல்லர்கள் பலர் தரையில் பதித்த பட்டடைக்கு முன் உட்கார்ந்து குறடு பிடிப்பார்கள், எதிரே ஒருவர் நின்று சம்மட்டி போடுவார். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் அந்த முறை வேகமானது. தனியாகச் செய்பவருக்கு நின்று அடிப்பதே வசதி.

சுத்தியல் ஒரு கிலோ எடைக்குள் இருக்கட்டும். எடை கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்து இரண்டு கிலோ சுத்தியலை எடுப்பவருக்குப் பத்து நிமிடத்தில் குறி தவறும், மறுநாள் முழங்கை வலிக்கும். சுத்தியல் முகத்தின் கூர்விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் இரும்பில் பிறை போல் தடம் விழும். குறடு ஒன்றரை அடி நீளத்தில், வாய் தட்டையாக ஒன்று, உருளைக் கம்பியைப் பிடிக்க ஒன்று. இரும்பைச் சரியாகக் கவ்வாத குறடுதான் பட்டறையில் பெரும்பாலான காயங்களுக்குக் காரணம். ஆகவே செலவு செய்வதானால் குறட்டில் செய்யுங்கள். தொடக்கத்தில் இரண்டு அடி நீளக் கம்பியாகவே எடுத்து அதன் ஒரு முனையில் வேலை செய்தால் குறடே வேண்டாம்.

மற்றபடி ஒரு பெரிய அரம், கம்பித் தூரிகை, வெட்டுளி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். இந்தக் காந்தத்துக்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

எந்த இரும்பு?

வெட்டும் கருவிக்குக் கார்பன் போதிய அளவு இருக்கும் எஃகு வேண்டும். கட்டுமானத்தில் மிஞ்சும் டி.எம்.டி. கம்பி எல்லாத் தோட்டத்திலும் கிடக்கும். அதன் மேல்தோல் ஆலையிலேயே தண்ணீர் பீய்ச்சிக் கெட்டிப்படுத்தப்பட்டது. உலையில் வைத்ததும் அந்தக் கெட்டித்தன்மை போய்விடும். உள்ளே கார்பன் குறைவு என்பதால் திரும்பக் கெட்டிப்படுத்தவும் முடியாது. கொக்கி, முளை, வளையம் அடித்துப் பழக நல்லது, அரிவாளுக்கு ஆகாது. எம்.எஸ். பட்டையும் அப்படியே.

அரிவாள், களைக்கொத்து, வெட்டுகத்தி எல்லாவற்றுக்கும் லாரி, டிராக்டர் டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டைதான் நம் கொல்லர்கள் காலம் காலமாக எடுப்பது. அதில் சுமார் அரை விழுக்காட்டுக்கு மேல் கார்பன் இருக்கும். முறிந்த பட்டையை எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம், முறிந்த இடத்திலிருந்து தள்ளி வெட்டிக்கொள்ளுங்கள். பழைய அரத்தில் கார்பன் இன்னும் அதிகம். சின்னக் கத்திக்கும் உளிக்கும் சரி, கல்லில் படும் கருவிக்கு எளிதில் உடையும்.

பழைய இரும்புக் கடையில் எடுத்தது என்னவென்று தெரியவில்லையா? சாணையில் வைத்துப் பாருங்கள். கார்பன் குறைந்த இரும்பில் பொறி நீண்ட கோடாக, கிளை இல்லாமல் போகும். கார்பன் மிகுந்த எஃகில் பொறி மத்தாப்பு போல் நுனியில் பூப்பூவாக வெடிக்கும். இன்னும் உறுதியான வழி, ஒரு சிறு துண்டை நன்றாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, ஆறியபின் துணியால் சுற்றிச் சுத்தியலால் தட்டுவது. கண்ணாடி போல் முறிந்தால் அது கருவிக்கான எஃகு. வளைந்தால் கொக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பார்த்து அடிப்பது

ஸ்பிரிங் பட்டையைச் செம்மஞ்சள் நிறத்தில் அடிக்கத் தொடங்கி, மங்கிய சிவப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே அடித்தால் விரிசல் விடும், உடனே தெரியாது, வயலில் வேலை செய்யும்போது தெரியும். மாறாக, வெளிர் மஞ்சளைத் தாண்டி வெண்மையாகி மத்தாப்புப் பொறி பறந்தால் எஃகு எரிந்துவிட்டது. அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. எவ்வளவு அடித்தாலும் தேறாது.

முதல் ஒரு வாரம் 8 அல்லது 10 மி.மீ. கம்பியில் கொக்கி மட்டும் அடியுங்கள். கூராக நீட்டும்போது வட்டமாக அடித்து இழுக்காதீர்கள். முதலில் நாலு பட்டமாக அடித்து நீட்டி, பிறகு எட்டுப் பட்டமாக்கி, கடைசியில் உருட்டுங்கள். நேராக வட்டமாகவே அடித்தால் கம்பியின் நடுவே உள்ளுக்குள் பிளந்துவிடும்.

முதல் பயனுள்ள வேலை: கடப்பாரை முனை

பிடிக்கக் குறடு வேண்டாம், எடை தானாகவே நிற்கும், துவைச்சலின் முழுப் பாடமும் இந்த ஒரு வேலையில் அடங்கும். அதனால் இதிலிருந்து தொடங்குங்கள்.

முனையின் ஐந்தாறு அங்குலத்தை மட்டும் செம்மஞ்சளாகக் காய்ச்சி, திருப்பித் திருப்பி அடித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். மிக மெல்லிய ஊசிமுனை வேண்டாம். பாறை மண்ணில் அது நிற்காது. வடிவம் வந்ததும் சாம்பலில் புதைத்து ஆறவிட்டு, அரத்தால் சீர் செய்யுங்கள்.

இனி துவைச்சல். முனையின் நான்கு அங்குலத்தை மெதுவாகக் காய்ச்சி, அடிக்கடி காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். ஒட்டாமல் போனதும் இன்னும் ஒரு சாயல் மட்டும் நிறம் ஏறவிட்டு எடுங்கள். அனுபவசாலிகள் கண்ணாலேயே சொல்வார்கள், நமக்கு அந்த ஸ்பீக்கர் காந்தம்தான் குரு.

எடுத்ததும் முனையின் ஒன்றரை அங்குலத்தை மட்டும் தண்ணீரில் முக்கி, மேலும் கீழும் லேசாக அசையுங்கள். ஒரே மட்டத்தில் அசையாமல் பிடித்தால் தண்ணீர்க் கோட்டில் விரிசல் விழும். முனையின் சிவப்பு அடங்கியதும் வெளியே எடுத்து, உடனே ஒரு பழைய சாணைக்கல் துண்டால் முனையைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். இப்போது கவனியுங்கள். மேலே மிச்சமிருக்கும் சூடு முனையை நோக்கி இறங்கும். தேய்த்த இடத்தில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம் என்று நிறங்கள் ஓடி வரும். முனைக்கு ஊதாவும் நீலமும் வந்து சேர்ந்த கணத்தில் மறுபடி முக்குங்கள். மேலே இன்னும் சிவப்பு தெரிந்தால் முனையை மட்டும் தண்ணீரில் வைத்து, மேல்பகுதி கறுக்கும்வரை காத்திருந்து முழுதும் ஆற்றுங்கள்.

இந்த இரண்டாவது கட்டத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும்? முதல் முக்கலில் எஃகு மிகக் கெட்டியாகி, கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியே பாறையில் குத்தினால் முனை தெறித்து முகத்துக்கு வரும். நிறம் ஓடவிடுவது அந்த உடையும் குணத்தைக் குறைக்கத்தான். வைக்கோல் நிறம் சுமார் 230 டிகிரி, நீலம் சுமார் 300 டிகிரி. நிறம் நீலத்தை நோக்கிப் போகப் போகக் கெட்டித்தன்மை குறைந்து தாங்கும் சக்தி கூடும். வழவழப்பாகச் சீவும் கத்திக்கு வைக்கோல் நிறத்திலிருந்து பழுப்புவரை, கட்டை வெட்டும் அரிவாளுக்கு ஊதா, கல்லில் மோதும் கடப்பாரைக்கு நீலம்.

அரிவாளும் களைக்கொத்தும்

மெல்லிய கருவிகளைத் தண்ணீரில் தோய்த்தால் கோணும், வாய் பிளக்கும். ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெயே சரி. கழித்த என்ஜின் ஆயில் சும்மா கிடைக்கிறதே என்று பலர் பயன்படுத்துகிறார்கள். அதன் புகையில் கனஉலோகங்கள் இருக்கும், மூச்சில் போகக் கூடாது. பலகாரம் சுட்டு மிஞ்சிய கடலை எண்ணெயோ பாமாயிலோ போதும். இளஞ்சூடாக, 50 முதல் 60 டிகிரி வரை வைத்துக்கொண்டால் நன்றாக ஓடி, சீராக ஆற்றும். பாத்திரம் கட்டாயம் இரும்பாக இருக்க வேண்டும், மூடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடியால் மூடுங்கள், மறந்தும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அடித்து முடித்த அரிவாளை நேராகத் துவைச்சலுக்குக் கொண்டு போகாதீர்கள். காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் காய்ச்சி, காற்றில் தானாக ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். அடித்ததில் உள்ளே ஏறிய இறுக்கம் தளர்ந்து, பின்னால் கோணுவது குறையும். வாய்ப்பகுதியை இந்தக் கட்டத்தில் ஒரு பழைய பத்து ரூபாய் நாணயத் தடிமனுக்கே விடுங்கள். கத்தி போல் மெலிந்திருந்தால் உலையில் எரியும். கூரை எல்லாம் முடிந்தபின் சாணையில் வைக்கலாம்.

எண்ணெயில் முக்கி எடுத்ததும் வாயில் அரத்தை ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்கினால் கெட்டிப்பட்டுவிட்டது. கடித்தால் சூடு போதவில்லை, மறுபடி காய்ச்சுங்கள். நிறம் ஓடவிட, ஒரு தடித்த இரும்புத் துண்டைச் சிவக்கக் காய்ச்சி, அதன் மேல் அரிவாளின் முதுகை வைத்து நகர்த்திக்கொண்டே இருங்கள். முதுகு நீலமாகும்போது வாய் பழுப்பும் ஊதாவும் ஆகும். அவ்வளவில் எடுத்துவிடலாம். களைக்கொத்துக்கும் இதே முறை, அதன் வாயை மட்டும் ஊதா தாண்டவிடுங்கள், கல் இருக்கும் செம்மண் நிலத்தில் பல் போகாது.

கடைசியில் சாணை பிடிக்கும்போது நாள் முழுக்கச் செய்த வேலை ஒரு நிமிடத்தில் கெடலாம். வேகமாகச் சுற்றும் கல்லில் அழுத்திப் பிடித்தால் வாய் நீலம் பாய்ந்து துவைச்சல் போய்விடும். விரலால் தொட முடியாத சூடு வந்தால் உடனே தண்ணீரில் நனையுங்கள்.

அரிவாள் விஷயத்தில் இன்னொன்று. அரிவாள் விற்கும் பட்டறைகளில் வாங்குபவர் விவரத்தைப் பதிவு செய்யச் சொல்லிக் காவல்துறை கேட்பது உண்டு. திருப்பாச்சேத்தி போன்ற பேர்போன ஊர்ப் பட்டறைகளே கவனமாக இருக்கின்றன. உங்கள் தோட்டத்துக்கு வேண்டியதை மட்டும் அடியுங்கள். அறிமுகம் இல்லாதவர் வந்து நீளமாக ஒன்று வேண்டும் என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்தானவை

ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. கம்பி, துத்தநாகம் பூசிய போல்ட் எதையும் உலையில் வைக்காதீர்கள். துத்தநாகம் சுமார் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாகும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், உடல்வலி வரும். அதிகமாக உள்ளே போனால் நுரையீரலே பாதிக்கும். வர்ணம் பூசிய பழைய இரும்பில் ஈயம் இருக்கலாம், சுரண்டி நீக்கியபின் எடுங்கள். இரு பக்கமும் அடைபட்ட குழாய், பைக் ஷாக் அப்சார்பர், எந்த வகை சிலிண்டராக இருந்தாலும் சூட்டில் வெடிக்கும்.

பருத்திச் சட்டையும் முழுக்கால் சட்டையும் போடுங்கள். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தொங்கும் வேட்டி, துண்டு, ரப்பர் செருப்பு மூன்றும் கூடாது. தோல் ஷூவும் கண்ணாடியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். கறுப்பாகத் தெரியும் இரும்பு ஆறிவிட்டது என்று நம்பாதீர்கள். 400 டிகிரியிலும் அது கறுப்பாகத்தான் இருக்கும். தரையில் கிடக்கும் எதையும் எடுக்கும் முன் புறங்கையை அருகே கொண்டுபோய் அனல் வருகிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் ஓடி வரும் இடமாக இருந்தால் ஒரு தடுப்பு கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூச வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

எதைச் செய்ய வேண்டாம்?

கோடாலிக்குக் காம்பு நுழையும் துளை அடிப்பது, தேய்ந்த மண்வெட்டிக்குப் புது இலை சேர்ப்பது, நாட்டுக் கலப்பையின் கொழுவைக் கட்டுவது எல்லாம் ஆண்டுக் கணக்கில் பழகிய கைக்குரிய வேலைகள். சுற்று வட்டாரத்தில் இன்னும் ஒரு கொல்லர் உலை ஊதிக்கொண்டிருந்தால் அவற்றை அவரிடமே கொடுங்கள், கேட்கும் கூலியையும் கொடுங்கள். கூடவே, வேலை குறைவாக இருக்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். எந்த நிறத்தில் எடுக்கிறார், எவ்வளவு நேரம் முக்குகிறார், எப்போது அடிப்பதை நிறுத்துகிறார் என்று மட்டும் கவனியுங்கள். டிராக்டர் கல்டிவேட்டர் கொழு போல்ட் போட்டு மாற்றுவது, மலிவாகவும் கிடைக்கிறது. அதைக் காய்ச்சி அடிக்கும் கரிச் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்.